வேட்டுச் சத்தத்தில் கேட்காமல் போவது

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பையன் மாடிப்படியில் தடுக்கி விழுந்தான். எழுந்து வாசலுக்கு வந்து, அங்கே வழுக்கி மறுபடி விழுந்தான். அவன் விழுந்த இடத்திலெல்லாம் ஒரு பெண் நின்றாள். ஒவ்வொரு தடவையும் வேறு பெண்.

"இவனுக்கு என்னட்டி, கால்ல சத்தே இல்லையா?" என்று கேட்டாள் என் தோழி.

நான் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அவனைச் சுற்றி நான்கு பெண்கள். அவனுக்கு எல்லோரையும் பிடித்திருந்தது. யாரையும் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இப்படி ஓர் ஆளை எனக்கு நேரிலேயே தெரியும். அவர் என் அத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தோழியின் வீடு. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அண்ணன் பினாங்கில் வேலை பார்த்தான். ஊருக்கு வந்தபோது விசிடி பிளேயர் ஒன்று வாங்கி வந்தான். அதோடு, பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படம் என்று சொல்லிக் கடைக்காரர் கட்டிக் கொடுத்த ஒரு கட்டு டிஸ்க்கும் வந்தது. வீட்டுப் பிள்ளைகள் ஒரு டிஸ்க் ஓடி முடியும் முன்பே எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டன. நாங்கள் இருவரும் கல்லூரியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தோம். விடவில்லை.

பேச்சு ஜப்பான் மொழி. திரையின் அடியில் ஒரு வரி சீன எழுத்து, அதற்குக் கீழே ஒரு வரி ஆங்கிலம். அந்த ஆங்கிலமும் நொண்டியது. அதனால் நாங்களே குரல் கொடுக்க ஆரம்பித்தோம். கதை நடப்பது ஒரு தீவில், மழையும் காற்றும் அளக்கிற நிலையத்தில். கோபக்காரி ஒருத்தி, எதற்கெடுத்தாலும் அவனைக் கன்னத்தில் அறைவாள். அவளுக்குத் தோழி குரல். சின்ன வயதில் அவனோடு ஏதோ சத்தியம் செய்துகொண்டவள் ஒருத்தி, சமைத்தால் அடுப்பே வெடிக்கிறவள் ஒருத்தி, கண்ணாடி போட்டு எப்போதும் புத்தகமும் கையுமாக இருக்கிறவள் ஒருத்தி. இந்த மூன்றும் என் பொறுப்பு. பையனுக்கு யாரும் குரல் கொடுக்க வரவில்லை. அவன் பேசுவதே "அது வந்து...", "இல்ல, நான் என்ன சொல்லவந்தேன்னா..." இரண்டும்தானே. யார் வாய் சும்மா இருக்கிறதோ அவர் சொல்லிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம்.

"ஏலே, எந்தப் பொண்ண பாக்க வந்த?" என்று கோபக்காரியின் வாயில் தோழி கேட்பாள். அறை விழும். "யாரையும் பாக்கல தாயி, மழைய அளக்க வந்தேன்" என்பேன் நான்.

திடீரென்று குளிக்கிற காட்சி வந்துவிடும். ஆவி பறக்கும், பையன் கதவைத் தவறித் திறப்பான், மூக்கில் ரத்தம் பீறிடும். அது வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எப்போது வரும் என்று தெரியாது. தோழியின் அம்மா கூடத்தைக் கடந்து போகிற நேரமாகப் பார்த்து வரும். இருவரும் டிவிக்கு முன்னால் எழுந்து நின்று சேலை முந்தியை விரித்து மடிப்போம்.

"படம் பாக்கவா வந்தீய, சேல மடிக்கவா?" என்பார் அவர்.

இப்படிப் பலவற்றைப் பிறகு நான் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு பையன், அவனைச் சுற்றி ஒரு கூட்டம் பெண்கள் என்ற இந்த வகைக்கு அந்தப்புரம் என்ற பொருளில் ஒரு பெயர் இருப்பதும், ஜப்பான் பொம்மைப் படங்களுக்கு அனிமே என்கிற சொல் இருப்பதும் எல்லாம் பிறகு தெரிந்தவைதான். ஆனால் அதன் சட்டதிட்டம் முழுவதையும் அந்தக் கட்டிலேயே நாங்கள் படித்துவிட்டோம். யாருக்காவது காய்ச்சல் வரும், மற்றொருத்தி கஞ்சி வைத்துக் கொடுப்பாள். எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள். திருவிழா வரும், வாணவேடிக்கை வரும். வாணவேடிக்கையின்போது ஒருத்தி மனதைத் திறந்து சொல்லுவாள். சரியாக அந்த நொடியில் வேட்டு வெடிக்கும். அவன் திரும்பி "என்ன சொன்ன?" என்பான். அவள் "ஒண்ணுமில்ல" என்பாள். மறுநாள் எல்லாம் பழையபடி.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் இந்த வகைக் கதையின் சூட்சுமம். அவன் கெட்டவனாக இருந்தால் பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், வீடு காலியாகிவிடும், கதை முடிந்துவிடும். அவன் நல்லவனாக இருக்க வேண்டும், முடிவும் எடுக்கக் கூடாது. ஒருத்தியைத் தேர்ந்தால் மற்றவர்கள் அழுவார்களே என்று அவன் தயங்குகிற தயக்கத்தில்தான் கூரை நிற்கிறது. பெண்களுக்கு ஆளுக்கொரு குணம் போதும். கோபம், அன்பு, படிப்பு, அசட்டுத்தனம். அதற்கு மேல் கதைக்குத் தேவையில்லை.

எங்கள் குடும்பத்திலும் தேவைப்படவில்லை.

அத்தான் என் அத்தையின் ஒரே மகன். அத்தை அப்பாவுக்கு அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதியில் வீடு. அத்தான் ராணுவத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை விடுப்பில் வருவார். அவருக்கு முறைப்பெண்கள் மூன்று பேர். வத்திராயிருப்பில் இருந்த என் பெரியப்பா மகள் ஒருத்தி, எனக்கு அக்கா. தளவாய்புரத்தில் அத்தை புருஷனான மாமாவின் தங்கை மகள் ஒருத்தி, வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைப்பவள். மூன்றாவது நான். சொந்தக்காரர்கள் எங்களைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. அக்கா "அடக்கமானது", தளவாய்புரத்தவள் "வாயாடி", நான் "படிச்சது". "அடக்கமானதா, படிச்சதா, எது அமையுமோ!" என்று என் காதுபடவே பேசுவார்கள்.

அத்தான் வாயைத் திறந்து ஒன்று சொல்லாத வரை மூன்று வீட்டிலும் வெளியிலிருந்து வருகிற வரனைக் கேட்க முடியாது. உரிமைக்காரன் இருக்கிறான் அல்லவா? அத்தானோ, எல்லைக்காவலில் பனியில் நின்றுவிட்டு வந்தவர், எங்கள் மூவரின் அம்மாக்கள் முன்னால் நின்றால் தரையைப் பார்ப்பார். "அவசரம் என்ன, அடுத்த லீவுல பாப்போம்."

முந்தின விடுப்பில் எல்லோருமாகப் பிளவக்கல் அணைக்குப் போயிருந்தோம். கட்டுச்சோறும் பாயுமாக ஒரு வேன் நிறைய. அத்தான் கரைப் பாறையில் கால் வைத்து, வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கணம் மூன்று அம்மாக்களும் மூன்று பெண்கள் கையிலும் ஆளுக்கொரு துண்டைத் திணித்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட நின்றவர் மூன்று துண்டையும் பார்த்தார். ஒன்றையும் வாங்கவில்லை. "வெயில்ல காஞ்சிரும்" என்றார். தோழியின் வீட்டில் கடற்கரைக் காட்சி வந்தபோது எனக்கு இந்தப் பாறைதான் கண்ணில் நின்றது. நாங்கள் துண்டோடு நின்ற வரிசையும்.

ஆனால் இந்த வருடம் எனக்குப் பொறுக்க நேரமில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. இடம் கிடைத்திருந்தது. வந்து சேரக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அவன் முடிவு தெரியட்டும்த்தா. சேத்துவிட்டுட்டு, பொறவு எங்கக்கா ஆவணியில தாலி கட்டணும்னு வந்து நின்னா நான் என்னன்னு சொல்ல?"

அத்தை வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல அப்பாவால் முடியாது. கல்யாணமானால் படிப்பு கிடையாது. அதையும் அத்தை முன்பே சொல்லியிருந்தார். ஆக, அத்தான் என்னைத் தேர்ந்தால் மதுரை போச்சு. எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனாலும் மதுரை போச்சு. வேறு ஒருத்தியைச் சொல்ல வேண்டும், அல்லது என்னை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுவும் அந்தத் திங்கட்கிழமைக்குள். அவருக்கா வாய் வரும்?

அதனால் நானே அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆடிப்பூரத் தேரன்று அத்தை வீட்டு மொட்டைமாடி முழுக்கச் சொந்தக்காரர்கள். தேர் முக்கு திரும்புகிற நேரம் எல்லோரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்கள். அத்தான் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தனியே நின்றார். இதைவிட்டால் கிடைக்காது என்று பக்கத்தில் போனேன்.

"அத்தான், நான் படிக்கணும். என்னைய வேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க."

வேட்டு வெடித்தது. ஒன்றல்ல, சரம். தெருவில் கோவிந்தா என்று ஊரே கத்தியது. மாடிச் சுவர் அதிர்ந்தது. அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்ன? கேக்கல."

வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "இங்க என்னட்டி பண்ணுத, சாமி பாக்காம?" என்று வந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வேட்டு, "என்ன சொன்ன", "ஒண்ணுமில்ல". அப்படியே அந்தக் கதையில் வருகிற மாதிரி! படத்தில் இதைப் பார்த்து எத்தனை தடவை கத்தியிருப்போம், இன்னொரு தடவை சொல்லித் தொலையேன் என்று. சொல்ல முடியாது என்பது நின்று பார்த்தால்தான் தெரிகிறது. ஒரு தடவை சொல்லவே எத்தனை நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. படத்துப் பெண்கள் சொல்ல வந்தது 'பிடிக்கும்' என்று. நான் சொன்னது 'வேண்டாம்' என்று. சத்தம் இரண்டையும் ஒன்றுபோலத் தின்றுவிட்டது.

மறுநாள் தோழியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"சரி, அழாத. அடுத்த டிஸ்க்கப் போடுதேன். இதுல வாணவேடிக்கை வருது, பாருட்டி."

வந்தது. இந்தத் தடவை கண்ணாடிக்காரியின் முறை. கடலோரம், யுகாத்தா என்கிற, அவர்கள் திருவிழாவுக்கு உடுத்துகிற பூப்போட்ட உடுப்பு, தலைக்கு மேல் நெருப்புப் பூ. அவள் சொன்னாள். வேட்டு. "என்ன சொன்ன?" "ஒண்ணுமில்ல." குரல் கொடுக்க என்னால் முடியவில்லை, தோழியே இரண்டு பேருக்கும் பேசினாள். வழக்கம்போல் அத்தியாயம் அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. எல்லோரும் தூங்கப் போன பிறகு பையன் நிலையத்துக் கூரையில் போய்த் தனியே உட்காருகிறான். காற்று அளக்கிற கிண்ணங்கள் சுற்றுகின்றன. அவன் வாயைத் திறந்து, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்கிறான்.

கேட்டிருக்கிறது. அத்தனையும் கேட்டிருக்கிறது.

அதற்கு முந்தைய டிஸ்க்குகளில் மற்றவர்கள் சொன்னதையும் வரிசையாகச் சொன்னான். கேட்கவில்லை என்று அவன் நடித்த ஒவ்வொரு இடமும் திரும்பி வந்தது. அது வரை நாங்கள் சிரித்த காட்சிகள்தான். அதே படம், அதே வேட்டு. ஆனால் இப்போது சிரிக்க முடியவில்லை. வகையின் மிகப் பழைய தமாஷ் ஒன்றை எடுத்து, உள்ளிருந்ததை வெளியே தெரியும்படி அப்படியே புரட்டிப் போட்டிருந்தான் அதை எழுதியவன். யாரோ, எங்கேயோ, தாளில் பொம்மை போட்டு!

"அடப்பாவி" என்றாள் தோழி. "இம்புட்டு நாளும் காதுல பஞ்சா வச்சிருந்தான்?"

மொட்டைமாடியில் அத்தானின் முகத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் திரும்பியது வேட்டுக்கு முன்பா, பின்பா? "கேக்கல" என்று சொன்னபோது கண் எங்கே இருந்தது? கேட்டிருந்தால் ஏன் சொல்லவில்லை? கேட்கவே இல்லை என்றால், மறுபடி எப்போது சொல்வேன்? சோறு இறங்கவில்லை. அம்மா, தேரில் கண்பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

அத்தை வேறு வழி கண்டுபிடித்தார். ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. ஆனால் பூப்போட்டுப் பார்க்கலாம். "அது பேச்சு இல்லையே, சாமிகிட்ட கேக்கதுதான?" வழக்கமாகச் செவப்பும் வெள்ளையும் இரண்டு பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைத்து, நினைத்த காரியம் ஆகுமா ஆகாதா என்று ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். இங்கே பெண்கள் மூன்று பேர் என்பதால் அத்தை மூன்று பூவாக்கினார். செவ்வரளி, வெள்ளை நந்தியாவட்டை, துளசி. அத்தானிடம் கேட்டார்கள். அவர் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தேன். "சாமி சொன்னாச் சரிதான்" என்றார். முடிவு எடுக்கிற வேலை அவர் தலையை விட்டு இறங்கிவிட்டதல்லவா.

திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை. பூப்போடத் திருவண்ணாமலைக்குப் போனோம். பெரிய ஊரான அந்தத் திருவண்ணாமலை அல்ல, எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே குன்றின் மேல் பெருமாள். மூன்று குடும்பமும் படியேறினோம். அக்கா தலை குனிந்தபடி முன்னால் போனாள். தளவாய்புரத்தவள், "இந்த வெயில்ல ஏற வச்சதுக்கே பெருமாள் நமக்கு நல்லது செய்யணும்" என்று மூச்சு வாங்கினாள். நான் செவப்பு வந்தால் என்ன, வெள்ளை வந்தால் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினேன். எது என்னுடைய பூ என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "பொம்பளப்புள்ள பேர வெளிய சொல்லிப் பூ கட்டக்கூடாது. மனசுக்குள்ள நினைச்சாப் போதும்" என்றாள்.

பட்டர் மூன்று வாழையிலைப் பொட்டலங்களைக் காலடியில் வைத்து எடுத்து வந்தார். வரிசையில் நின்ற யாரோ ஒருவர் இடுப்பிலிருந்த குழந்தையிடம் தட்டை நீட்டினார். குழந்தை ஒன்றைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. பிடுங்கிப் பிரித்தார்.

செவ்வரளி.

என் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர். முடிந்தது, மதுரை போய்விட்டது. அதே நொடியில் பக்கத்தில் குலவைச் சத்தம் எழுந்தது. தளவாய்புரத்தவளின் அம்மா, தளவாய்புரத்து அத்தை, நாக்கைச் சுழற்றிக் குலவை போடுகிறார். இந்தப் பக்கம் பெரியம்மா, அக்கா தலையில் கை வைத்து, "பெருமாளே, கண்ணத் தொறந்திட்டயே" என்கிறார்.

குலவை பாதியில் நின்றது. மூன்று அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எதுக்கு மதினி குலவை போடுதீய?" என்றார் பெரியம்மா.

"எம்மவளுக்கு வந்திருக்கு, போடாம? செவப்பு எம்மவளுக்குத்தான் நினைச்சேன்."

"செவப்பு எங்க புள்ளைக்குல்லா நினைச்சது!" என்றாள் அம்மா.

மங்கலமான பூ செவப்புதானே. மூன்று தாய்களும் தன் மகளுக்குச் செவப்பையே நினைத்திருக்கிறார்கள். வெள்ளையையும் துளசியையும் நினைக்க ஆள் இல்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். பூ கட்டியவர் அவர்தானே.

"மதினி, நீங்க சொல்லுங்க. செவப்பு யாரு?"

அத்தை சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தார். "நான் யாரையும் நினைக்கல. எதுக்கு யாருன்னு அந்தந்தத் தாயி நினைச்சிருப்பீயன்னு விட்டுட்டேன்."

மகன் எங்கிருந்து இப்படி வந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"மறுபடி போடுங்க சாமி" என்றார் தளவாய்புரத்து அத்தை.

பட்டர் தட்டை உள்ளே வைத்துவிட்டார். "ஒரு காரியத்துக்கு ஒரு தடவதாம்மா. பெருமாள் சொல்லியாச்சு. புரிஞ்சுக்கிறது ஒங்க பாடு."

இனி என்ன? கேட்டுக் கேட்டு எல்லோரும் அத்தானிடம் வந்தார்கள். "நீ யாரலே நினைச்ச?" அத்தான் தூணைப் பார்த்தார். "நான் ஒண்ணும் நினைக்கல. அடுத்த லீவுல..."

அடுத்த லீவு. கூரை மேல் சுற்றிய அந்தக் கிண்ணங்கள் எனக்குள் சுற்றின. இவர் "கேக்கல" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால், இத்தனை பேர் முன்னால் நான் என்ன ஆவேன்? அம்மாவின் மானம் என்ன ஆகும்? ஆனால் அடுத்த லீவு வரைக்கும் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. கேட்டுவிட்டேன்.

"அத்தான், தேரன்னைக்கு மொட்டமாடியில நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

அம்மா என் முழங்கையில் கிள்ளினாள். கிள்ளிய பிடியை விடவில்லை. அத்தான் தூணிலிருந்து கண்ணை எடுத்தார். என்னைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார். எங்கே ஒரு வேட்டாவது வெடிக்காதா என்று அவர் காத்திருந்ததுபோல எனக்குத் தோன்றியது. அந்தக் குன்றில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

"கேட்டுச்சு" என்றார்.

"என்னலே கேட்டுச்சு?" என்றார் அத்தை.

"'அத்தான், நான் படிக்கணும். என்னைய வேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க'ன்னு சொன்னா."

ஒரு சொல் விடவில்லை.

அத்தையின் முகம் சுருங்கியது. "அப்ப ஏன்லே இம்புட்டு நாளு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"யார வேண்டாம்னு சொன்னாலும் அந்த வீட்டு வாசல் நமக்கு அடைஞ்சிரும்லம்மா" என்றார் அத்தான், மெல்ல. "அப்படியே இருந்தா மூணு வீட்டுலயும் சோறு போடுவாக."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்புக்காகச் சொல்லவும் இல்லை. நான் அவரைக் கோழை என்றே நினைத்திருந்தேன். கோழைதான். ஆனால் கோழைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது முழுக்கச் சுயநலக் கணக்கும் இல்லை. படத்துப் பையனை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அத்தை என்னோடு பேசாமல் விறுவிறுவென்று படி இறங்கினார். அவர் பின்னால் இரண்டு அம்மாக்கள். என் அம்மா மட்டும், "ஊர் சிரிக்கப் பண்ணிட்டயேட்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே என் கையைப் பிடித்து இறங்கினாள். நான் அப்பாவைத்தான் தேடினேன். அவர் கீழே குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஏச்சுக்குத் தயாராக.

துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டார். "திங்கக்கிழம எத்தன மணிக்குட்டி அங்க நிக்கணும்?"

பஸ்ஸில் பெரியவர்கள் முன்னால் தனித்தனியாக உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் இருந்தது ஒரே ஒரு மூன்று பேர் சீட்டு. மூன்று முறைப்பெண்களும் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் விசேஷங்களில் பார்த்திருக்கிறோம், ஒருத்தி சேலையை ஒருத்தி அளந்திருக்கிறோம். இதைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை.

தளவாய்புரத்தவள்தான் ஆரம்பித்தாள். "எனக்கும் நெசமாவே இஷ்டமில்ல தெரியுமா. எனக்கு மெஷினு இன்னும் ரெண்டு போடணும். எங்கம்மாட்ட சொல்ல பயந்துக்கிட்டு இருந்தேன். நீ போட்ட போட்டுல நானும் இறங்கிக்கிடுதேன்."

நான் சிரித்தேன். நாள்கணக்கில் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கென்னட்டி, சொல்லிட்ட" என்றாள், திரும்பாமலே. "எனக்கு அவியளப் புடிக்கும்."

சிரிப்பு அப்படியே நின்றது. வரிசையில் நின்ற எல்லோரும் என்னைப் போலத்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று நான் எப்படி நினைத்தேன்? 'அடக்கமானது' என்ற சொல்லுக்கு அப்பால் அவளுக்குள் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை.

"அவர்ட்ட சொல்லுக்கா" என்றேன்.

"வேட்டு இல்லாத நாளாப் பாத்து" என்றாள் தளவாய்புரத்தவள்.

அக்கா அவளை அடிக்க முழங்கையை ஓங்கினாள். ஆனால் அடுத்த விடுப்பில் சொன்னாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. துணிந்து கேட்டது அவள்தான் என்பது இன்று வரை எங்கள் மூன்று பேருக்கும் அத்தானுக்கும் மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோழி வீட்டில் கடைசி டிஸ்க்கைப் போட்டோம். எனக்காக அவள் பார்க்காமல் வைத்திருந்தாள். பெட்டி பாதி அடுக்கிய நிலையில் ஓடி வந்திருந்தேன். அப்பா காலைக்குள் மனம் மாறிவிடுவாரோ, அத்தை வந்து நின்றுவிடுவாரோ என்று தெருச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். படத்தில் பையன் கடைசியாக முடிவு எடுத்தான். கோபக்காரி. முதல் டிஸ்க்கின் அட்டையில் பெரிதாக இருந்தவளே.

"இதுக்கா இம்புட்டு?" என்று தோழி கொதித்தாள். "இத அட்டையப் பாத்தே சொல்லிருப்பனே! கூரையில உக்காந்து அம்புட்டும் சொன்னானே, அந்தப் பையன் எங்க போனான்?"

அவள் சொன்னது சரி. நடுவில் அவ்வளவு துணிந்து படம் எடுத்தவர்கள் கடைசியில் பழைய பாதைக்கே வந்துவிட்டார்கள். ஆனால் எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. இருவரும் கைகோத்துப் போகும்போது, பின்னால் படகுத்துறையில் மற்ற மூன்று பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக்காரியின் காலடியில் ஒரு பெட்டி. மூவரும் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். அடியில் எழுத்து ஒன்றும் ஓடவில்லை. கொஞ்ச நேரம்தான், படம் அவர்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

"படத்தக் கொஞ்சம் பின்னால ஓட்டு" என்றேன். தோழி ரிமோட்டை அமுக்கி அந்த இடத்தில் நிறுத்தினாள். படம் நடுங்கியபடி நின்றது.

"என்ன பேசுதாளுக?" என்றாள்.

நான் மூன்று பேருக்கும் குரல் கொடுத்துப் பார்த்தேன். மெஷினைப் பற்றி, வெயிலைப் பற்றி, பஸ் கிடைக்குமா என்று. தோழி சிரித்தாள், பிறகு என் பெட்டியை அடுக்கித் தர எழுந்து வந்தாள்.

திங்கட்கிழமை காலை மதுரையில் அந்தக் கல்லூரி அலுவலகச் சன்னல் முன்னால் நீள வரிசை. கரண்ட் இல்லை, வெளியே ஜெனரேட்டர் பேய்போல ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்தது. அப்பா குனிந்து மெதுவாக என்னவோ சொன்னார்.

"என்னது? கேக்கல" என்றார் உள்ளே இருந்தவர்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"எம்மகளச் சேக்க வந்திருக்கேன்."